பழைய வேலியை மாற்றுதலும் அதில் வாழும் உயிர்களும்

சப்பிரகமுவ மாகாணத் தோட்டப்புறக் கமக்காரருக்கான அறிவுரை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில், லயன்களின் பின்புறத்திலும் வயலையடுத்த மேட்டு நிலங்களிலும் நீங்கள் கத்தரி, போஞ்சி, பாகல், மிளகாய், மரவள்ளி முதலியவற்றைப் பயிரிட்டு வருகின்றீர்கள். இக்கொல்லைகளைச் சுற்றியுள்ள வேலிகளிற் பல உங்கள் தந்தையார் காலத்தில் அடைக்கப்பட்டவை. பிடுங்கிய தேயிலைச் செடிகளின் தண்டு, கமுகஞ் சிலாகை, மூங்கில், தகரத்துண்டு, துருவேறிய முட்கம்பி ஆகியன ஒன்றன்மேலொன்றாகச் செருகப்பட்டு, அவற்றின்மேற் கொடிகள் படர்ந்து, அடியில் ஆண்டுக்கணக்கான சருகு சேர்ந்து கிடக்கின்றன. பார்வைக்கு அடர்த்தியாக இருப்பினும், இத்தகைய வேலி காட்டுப்பன்றியைத் தடுப்பதில்லை. மாறாக, எலிக்கும் பெருச்சாளிக்கும் ஆபிரிக்க நத்தைக்கும் உறைவிடமாகின்றது. வேலியே பயிரை மேய்ந்தாற்போல் என்னும் பழமொழி இங்கு உவமையன்று, உண்மையே.

ஆகவே பழைய வேலியை நீக்கிப் புதிய வேலி அமைத்தல் நற்செயலாகும். எனினும், அவ்வேலை தொடங்குமுன் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். உங்களுக்கு அது வேலி. வேறு பல உயிர்களுக்கு அது வீடு. வீட்டைப் பிரிக்கும்போது உள்ளிருப்பவை வெளிவரும். அவற்றுள் எவை தீங்கு செய்வன, எவை நன்மை செய்வன, எவற்றைக் கண்டால் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பவற்றை அறியாது வேலையில் இறங்குதல் ஆபத்தாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் காவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பிய ஒரு தாயார், மாலை மங்கும் வேளையில் பிரித்துப் போட்ட வேலிக் கம்புகளை விறகுக்காக வெறுங்கையால் இழுத்தார். விரலிற் சுருக்கென்று ஏதோ பட்டது. முள்ளென்று எண்ணி அடுப்பு மூட்டச் சென்றுவிட்டார். இரவிற் கை வீங்கவே, வீட்டார் மணிக்கட்டிற் கயிறு இறுக்கிக் கட்டி, விஷக்கல் வைத்து விடியும்வரை காத்திருந்தனர். மறுநாட் பகல் வைத்தியசாலையைச் சேர்ந்தபோது அவருக்குச் சிறுநீர் வெகுவாகக் குறைந்திருந்தது. பல வாரச் சிகிச்சையின் பின் உயிர் பிழைத்தார். ஆயினும் ஒரு விரலை இழந்தார். கொழுந்து பறிக்கும் கைக்கு ஒரு விரல் எத்துணை வேண்டியதென்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர் அன்று கையால் இழுக்காது ஒரு நீண்ட கொக்கிக் கழியால் இழுத்திருப்பாராயின் இத்துன்பம் நேர்ந்திராது. இத்துண்டுப் பிரசுரம் எழுதப்படுவதற்குக் காரணம் இதுவே.

வேலை செய்தற்குரிய காலம்

இரத்தினபுரி இலங்கையின் மிகு மழைப் பிரதேசங்களுள் ஒன்று. அங்கே ஆண்டு மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. மே முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யும். மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களிலும், ஒற்றோபர், நவெம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை உண்டு. எனவே, சனவரி பிற்பகுதி முதல் மார்ச்சு முற்பகுதி வரையுள்ள ஓரளவு வறண்ட காலத்திற் பழைய வேலியை நீக்குக. ஏப்பிரில் மழையுடன் உயிர்க்கம்புகளை நாட்டுக. சிறுபோக வயல் வேலை தொடங்குமுன் இப்பணி முடிவுறுதல் நன்று. ஏப்பிரிலைத் தவறவிட்டோர் ஒற்றோபர் மழையுடன் நாட்டலாம்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

1. கொல்லை தோட்டத்துக்குரிய நிலமாயின் தோட்ட நிருவாகத்துக்கு முன்னரே அறிவித்து இசைவு பெறுக.

2. அயற் கொல்லைக்காரரை அழைத்து, அவர் முன்னிலையில் எல்லையின் இரு முனையிலும் முளை அடித்துக் கயிறு பிடித்துக்கொள்க. வேலி இருக்குமட்டும் எவரும் எல்லையைப் பற்றிப் பேசார். வேலி போனபின் ஒரு சாண் நிலத்துக்காக ஆண்டுக்கணக்கிற் பகை வளர்தல் உண்டு.

3. முழங்கால்வரை உயர்ந்த றப்பர்ச் சப்பாத்து, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவற்றை அணிக. நீண்ட பிடியுள்ள காட்டுக்கத்தி, மண்வாரி, அலவாங்கு, நுனியிற் கொக்கியுள்ள ஆறடிக் கழி ஆகியவற்றை ஆயத்தம் செய்க.

4. வேலியை மேலிருந்து கீழாக ஒருமுறை உற்று நோக்குக. தேனீயோ குளவியோ கூடு கட்டியுள்ளதா என்பதை முதலில் அறிதல் வேண்டும். தோட்டங்களிற் குளவிக் கொட்டினால் உயிரிழந்தோர் உண்டென்பது நீங்கள் அறிந்ததே. கூடு காணப்பட்டால் அவ்விடத்து வேலையை நிறுத்தி, தோட்ட நிருவாகத்துக்கு அறிவிக்க. கல்லெறிதலும், பகலிற் புகை போடுதலும் கூடா.

5. சிறுவரையும் நாய்களையும் அன்றைய தினம் வேலியண்டை விடாதீர்கள். நாய் துரத்தும் பாம்பு மனிதர் காலடிக்கே வந்து சேரும்.

வேலியைப் பிரிக்கும் முறை

பலர் பழைய வேலிக்குத் தீயிட்டு வேலையை எளிதாக முடிக்க எண்ணுகின்றனர். இது முற்றிலும் தவறாகும். மாசி மாதத்து வறட்சியில் ஒரு பொறி தேயிலை மலைக்கும் மானாப்புல்லுக்கும் பரவும். தீக்கு அஞ்சி ஓடும் பாம்பு, புகையில்லாத பக்கமாகிய லயனை நோக்கியே வரும். மேலும், உங்கள் நிலத்துக்கு உரமாக வேண்டிய மக்கு முழுவதும் சாம்பலாகும்.

காலை எட்டு மணிக்குப் பின், நல்ல வெளிச்சத்தில் வேலையைத் தொடங்கி, நான்கு மணிக்கு முன் நிறுத்துக. வீட்டுக்கு அண்மையிலுள்ள முனையிலிருந்து தொடங்கிக் காட்டை அல்லது தேயிலையை நோக்கிச் செல்க. அவ்வாறு செய்யின் வெளிவரும் பிராணி உங்களுக்கு முன்னாக வெளிப்புறம் ஓடுமேயன்றி வீட்டை நோக்கி வராது. ஒவ்வொரு பகுதியையும் பிரிக்குமுன் நீண்ட கழியால் நிலத்தையும் வேலியையும் பலமுறை தட்டுக. தட்டியபின் சிறிது நேரம் காத்திருக்க. ஒரு நாளைக்கு 25 அல்லது 30 அடி நீளமே பிரித்தல் போதும். இறுதிப் பத்தடியை ஒன்றிரண்டு நாள் விட்டுவைத்தால், அதில் ஒதுங்கிய உயிர்கள் இரவில் தாமே அகன்றுவிடும்.

முதலிற் கொடிகளை வெட்டி இழுக்க. அடுத்து முட்கம்பியை வெட்டிச் சுருட்டுக. அதன்பின் கம்புகளைக் கொக்கிக் கழியால் ஒவ்வொன்றாகச் சாய்க்க. இறுதியாகச் சருகுக் குவியலை மண்வாரியால், உங்களுக்கு எதிர்ப்புறமாகப் புரட்டுக. தகரத்தையோ கல்லையோ உயர்த்தும்போது, உங்களுக்கு எதிரேயுள்ள விளிம்பை அலவாங்கினால் நெம்பி உயர்த்துக. அப்பொழுது தகரம் உங்களுக்கும் அதன் கீழுள்ளதற்கும் நடுவே கேடயமாக நிற்கும். எப்பொழுதும் கண் முதலில், கழி அடுத்து, கை இறுதியில் என்பதை விதியாகக் கொள்க.

துருவேறிய கம்பித்துண்டு ஒன்றேனும் மண்ணில் விடலாகாது. அது காலிற் குத்தினால் ஏற்புவலி வரக்கூடும். முன்னொரு காலத்தில் எவரேனும் வேலியில் வைத்து மறந்த சுருக்குக் கம்பி காணப்பட்டால் உடனே அறுத்தெறிக.

சரிவான நிலத்தில் மற்றுமோர் எச்சரிக்கை உண்டு. கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் 2016 மே 17ஆம் நாள் சாமசர மலை சரிந்து பலரைப் புதைத்த துயரம் நம் நினைவை விட்டு அகலாது. அத்துணைப் பெருஞ் சரிவுக்கு ஒரு வேலி காரணமாகாதெனினும், செங்குத்தான ஓரங்களில் உயிருள்ள வேர்களைத் தோண்டியெடுத்தால் மண் இளகி மழையில் வழிந்தோடும். அங்கே பழைய உயிர்மரங்களை நிலமட்டத்துக்கு மேல் வெட்டிவிட்டு, வேரை மண்ணிலேயே விடுக. சரிவின் குறுக்கே நீண்ட அகழி வெட்டாதிருக்க.

வேலியிற் காணப்படும் உயிர்கள்

சாரைப்பாம்பு: சிங்களத்தில் இதனைக் கெரண்டியா என்பர். நீண்டு, விரைந்தோடும் இயல்புடையது; நஞ்சில்லாதது. வயலிலும் கொல்லையிலும் எலியைப் பிடித்துண்ணும் இதனைக் கூலி பெறாத வேலையாள் எனலாம். சருகின் கீழ் வெண்ணிற முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கக் காணின், அவற்றை உடனே அடித்துடைக்க வேண்டாம். அவ்விடத்தை மூடிவிட்டு, அப்பகுதியை இறுதியில் பிரிக்க ஒதுக்கிவைக்கலாம்.

மூக்கு உயர்ந்த குழிவிரியன்: சிங்கள அயலவர் பொலன்தெலிஸ்ஸா அல்லது குணகட்டுவா என்று கூறுவது இதுவே. மேற்கூறிய தாயாரைக் கடித்ததும் இதுவே. ஒன்றரை அடிக்கு மேல் வளர்வது அரிது. முக்கோண வடிவத் தலையும், மேல்நோக்கி வளைந்த மூக்கு நுனியும் உடையது. சருகின் நிறமே இதன் நிறமாதலால், காலடியிற் கிடப்பினும் கண்ணுக்குப் புலப்படாது. ஆள் நெருங்கினாலும் ஓடாமற் சுருண்டு கிடப்பது இதன் இயல்பு. இலங்கையின் ஈரவலயத்திற் கமக்காரரையும் தோட்டத் தொழிலாளரையும் மிகுதியாகக் கடிக்கும் பாம்பு இதுவேயாகும். சிறிய பாம்பென்று இகழலாகாது. கடிவாயில் வலியும் வீக்கமும் கொப்புளமும் உண்டாகும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதுறும். அரிதாக மரணமும் நேர்ந்துள்ளது. நம் வைத்தியசாலைகளிற் பயன்படுத்தப்படும் இந்திய நச்சு முறிமருந்து இப்பாம்பின் நஞ்சை முறிப்பதில்லை. ஆதலின் வருமுன் காத்தலே இதற்குச் சிறந்த மருந்து.

நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன்: இவை மூன்றும் கொடிய நஞ்சுடையவை. கண்ணாடி விரியன் சிங்களத்திற் தித்பொலங்கா எனப்படும்; நெற்கதிர் முற்றிய வயலோரங்களிலும் காணப்படும். கட்டுவிரியன் இரவில் உலவும். அதன் கடி சிலவேளை வலியின்றியே இருக்கும். எனவே, வேலி பிரித்த நாட்களில் நிலத்திற் பாய் விரித்துப் படுப்பதைத் தவிர்த்து, இயன்றளவு கட்டிலிற் படுக்க.

உடும்பும் கபரகொய்யாவும்: இரண்டும் சட்டத்தாற் காக்கப்பட்டவை. வழிவிட்டால் தாமே சென்றுவிடும். மூலையில் மடக்கினால் வாலால் அடிக்கும், கடிக்கவும் செய்யும்.

அழுங்கு: உடல் முழுதும் செதில் போர்த்த இப்பிராணி எறும்பையும் கறையானையும் தின்று வாழ்வது. கறையான் பிடித்த பழைய வேலியை இது நாடி வருவது இயல்பே. அச்சமுற்றாற் பந்துபோற் சுருண்டுவிடும். எவருக்கும் தீங்கு செய்யாது. இதனைப் பிடித்தலும் விற்றலும் உண்ணுதலும் கடுங் குற்றங்களாகும். சுருண்டு கிடப்பின் அப்படியே விட்டு அகல்க. அமைதியானபின் அது தானே எழுந்து செல்லும்.

எலியும் பெருச்சாளியும்: வேலியடியில் வளைகள் காணப்படின் மண்ணும் கல்லும் இட்டு இறுக அடைக்க. எலியின் சிறுநீர் பட்ட ஈரமண்ணாலும் சேற்றுநீராலும் எலிக்காய்ச்சல் பரவும். 2008இல் இலங்கையில் இந்நோய் பெருமளவிற் பரவி ஆயிரக்கணக்கானோரைப் பீடித்தது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் இந்நோய் தொடர்ந்து காணப்படும் இடங்களாகும். கைகாலிற் புண்ணுள்ளவர்கள் அதனை மூடிக்கட்டாது வேலை செய்தல் கூடாது. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுக. பின்வரும் நாட்களிற் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றினால், வயலிலும் வேலியிலும் வேலை செய்ததைக் கூறி உடனே வைத்தியரிடம் காட்டுக. வயலில் இறங்குமுன் உட்கொள்ளும் தடுப்பு மருந்தைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.

ஆபிரிக்க நத்தை: பகலிற் சருகின் கீழ் ஒடுங்கி, இரவில் இளம் நாற்றுகளைத் தின்னும். கையுறை அணிந்து பொறுக்கி, உப்புக் கரைசலில் இட்டழிக்க. முட்டைகள் கடுகினும் பெரிய மஞ்சள் மணிகளாக மண்ணிற் குவிந்திருக்கும். அவற்றையும் நசுக்கி அழித்தல் வேண்டும்.

பாம்பு எதிர்ப்பட்டால்

வேலியிற் போன ஓணானை மடியிற் கட்டிக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்று வருந்தியவனைப் போல் நாம் ஆகக்கூடாது. பாம்பு கடிக்கப்பட்டோரிற் பலர் அதனை அடிக்கவோ பிடிக்கவோ முயன்றவர்களே. பாம்பைக் கண்டதும் அசையாது நின்று, மெல்லப் பத்தடி பின்வாங்குக. அது செல்லும் வழியை மறிக்காதீர்கள். அரைமணி நேரம் வேலையை நிறுத்தினாற் பெரும்பாலும் அது அகன்றுவிடும். வீட்டினுள் புகுந்துவிட்ட பாம்பு, காயமுற்ற பிராணி, வழி தவறிய சிறுத்தை முதலியவற்றைப் பற்றி வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்னும் தொலைபேசி எண்ணில் அறிவிக்கலாம்.

பாம்பு கடித்துவிட்டால்

செய்ய வேண்டியவை:

1. கடியுண்டவரை அமைதிப்படுத்திப் படுக்கச் செய்க. அவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள்.

2. மோதிரம், வளையல், மிஞ்சி, சப்பாத்து ஆகியவற்றை வீக்கம் தோன்றுமுன் கழற்றுக.

3. கடியுண்ட கையையோ காலையோ ஒரு பலகைத் துண்டுடன் தளர்வாகக் கட்டி, அசையாமல் வைத்துக்கொள்க.

4. 1990 என்னும் சுவசெரிய அம்புலன்சு எண்ணுக்கு அழைத்து, அல்லது கிடைத்த வாகனத்தில், நச்சு முறிமருந்து உள்ள வைத்தியசாலைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்க.

5. கடித்த நேரத்தையும் பாம்பின் தோற்றத்தையும் வைத்தியரிடம் கூறுக. தொலைவிலிருந்து கைத்தொலைபேசியாற் படமெடுக்க இயன்றால் நன்று. அதற்காகப் பாம்பைத் தேடிச் செல்லல் ஆகாது.

செய்யத்தகாதவை: கயிறு இறுக்கிக் கட்டுதல், கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், விஷக்கல் வைத்தல், சாராயம் கொடுத்தல், அசுபிரின் மாத்திரை கொடுத்தல். வலி சிறிதென்றோ, முள்ளாயிருக்கலாமென்றோ காத்திருத்தலும் தகாது. சருகிற் கைவைத்தபோது ஏதேனும் சுருக்கெனப் பட்டு, காரணம் தெரியாவிடின், அதனைப் பாம்புக்கடியென்றே கருதுக.

புதிய வேலி அமைத்தல்

யாழ்ப்பாணத்திற் கிளுவையும் பூவரசும் வேலியாவது போல், நம் பகுதிக்கு ஏற்றது கிளிரிசீடியா. சிங்களத்தில் இதனை வெட்டமாற, அதாவது வேலிமரம், என்றே அழைக்கின்றனர். நடு அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரத்தின் இலத்தீன் பெயருக்கு எலிக்கொல்லி என்பது பொருள். அந்நாட்டார் இதன் பட்டையையும் விதையையும் எலிநஞ்சாகப் பயன்படுத்தினர். ஆயினும் வேலியில் நட்ட மாத்திரத்தே எலி ஓடிவிடுமென எண்ணலாகாது. இதன் உண்மையான பயன் தழையிலேயே உள்ளது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலால், காற்றிலுள்ள நைதரசனை வேர் முடிச்சுகளின் துணையுடன் சேர்த்துக்கொள்ளும். தேயிலை, றப்பர், தென்னை ஆகியவற்றையடுத்து, 2005இல் இது நாட்டின் நான்காம் பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. பலாங்கொடைக்கு மேலுள்ள குளிர்ந்த சரிவுகளில் முள்முருக்கு நன்கு தழைக்கும். முள்ளும் இருத்தலால் வேலிக்கு அதுவும் உகந்தது.

நாட்டும் முறை: பச்சை நிறம் மாறிப் பழுப்பேறிய முற்றிய கிளைகளில், ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தடிப்பும் ஐந்து அல்லது ஆறடி நீளமும் உள்ள கம்புகளை வெட்டுக. மேல்முனையைச் சரிவாக வெட்டினால் மழைநீர் தங்கி அழுகாது. அடிமுனையில் ஓரடி உயரத்துக்குப் பட்டையை இரண்டு மூன்று இடங்களிற் கீறிவிட்டால் வேர் எளிதில் இறங்கும். தலைகீழாக நாட்டிவிடாதபடி முன்னரே அடையாளமிடுக. கம்பினைச் சுத்தியலால் அடித்திறக்கினாற் பட்டை கிழியும். ஆகையால் அலவாங்கினால் ஓரடி ஆழக் குழி இட்டு, கம்பை நிறுத்தி, மண்ணைக் காலால் இறுக மிதித்தல் வேண்டும். கம்புக்குக் கம்பு ஓரடி இடைவெளி போதும்.

உயிர்மரத்திற் முட்கம்பியை அறைந்தால், மரம் பருக்கும்போது கம்பியை விழுங்கிவிடும். கம்பியும் அறும், மரமும் நோயுறும். எனவே பத்தடிக்கு ஒன்றாகக் கொங்கிறீற்றுத் தூணோ வைரமான மரத்தூணோ இரண்டடி ஆழத்தில் நாட்டி, கம்பியை அவற்றிலேயே இழுத்துக் கட்டுக.

கணக்கு: 40 அடி நீளமும் 30 அடி அகலமுமான கொல்லையின் சுற்றளவு 140 அடி. நான்கடி அகலப் படலை ஒன்று விட்டால் 136 அடி வேலி தேவை. பத்தடிக்கு ஒன்றாக 14 தூணும், படலைக்கென ஒரு தூணும் ஆக 15 தூண் வேண்டும். மூன்று வரி முட்கம்பிக்கு 408 அடி. முடிச்சுக்கும் சேர்த்து 430 அடி வாங்குக. தூண் நிற்கும் இடங்கள் நீங்கலாக உயிர்க்கம்பு ஏறக்குறைய 120 வேண்டும். பட்டுப்போவன உண்டாதலால் 140 கம்பு வெட்டுதல் நன்று.

காட்டுப்பன்றி வேலியைத் தாண்டுவதினும் கீழால் முட்டி நுழைவதே மிகுதி. முள்ளம்பன்றியோ கீழே தோண்டும். ஆகவே, முதல் வரிக் கம்பியை நிலத்திலிருந்து அரையடி உயரத்திலேயே இழுத்துக் கட்டுக. அடியில் ஓரடி ஆழ வாய்க்கால் வெட்டி, பழைய கூரைத் தகரத்தை மண்ணுள் ஓரடியும் மேலே இரண்டடியுமாக நிறுத்துதல் இவ்விரண்டையும் தடுக்கும் மலிவான வழியாகும். சரிவான இடங்களில் வாய்க்கால் வெட்டாமற் கல்லடுக்கி விடுக. மரவள்ளி, வற்றாளை போன்ற கிழங்குகளை வேலியோரத்தில் நடாது கொல்லையின் நடுவில் நடுக. குரங்குகளை இவ்வேலி தடுக்காது. அதற்குக் காவலே வழி.

ஒருபோதும் செய்யத்தகாதவை

பன்றிக்கென வேலியிற் சுருக்குக் கம்பி வைக்கும் வழக்கம் நம்மிற் சிலரிடம் உண்டு. வருவது பன்றியா, சிறுத்தையா, அயல்வீட்டு மாடா, பந்து தேடி வரும் பிள்ளையா என்பதைச் சுருக்குக் கம்பி பார்த்தறியாது. 2020 மே 26ஆம் நாள், சிவனொளிபாத மலையை அடுத்த நல்லதண்ணியில், லக்சபான தோட்டத்து மரக்கறிக் கொல்லையொன்றில் வைத்த சுருக்கிலே கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்து அகப்பட்டுத் துன்புற்றது. உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டும், மே 29ஆம் நாள் அது இறந்தது. கறுப்பு நிறச் சிறுத்தை நம் நாட்டில் மிக அரிதாகவே காணப்படுவது. ஒரு கொல்லைக் கிழங்கைக் காக்க வைத்த கம்பிக்கு நாடு கொடுத்த விலை அது. சிவனொளிபாத மலைக் காட்டின் மறுபக்கம் நம் இரத்தினபுரி மாவட்டமே. அங்கு நேர்ந்தது இங்கும் நேரக்கூடும்.

சுருக்கு வைத்தல் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பியிற் பாய்ச்சுதலும், கட்டுத்துவக்கு வைத்தலும் அதனினும் கொடியவை. இரவில் வயலுக்கு நீர் பார்க்கப் போன கணவரோ, காலையிற் கீரை பறிக்கச் சென்ற மனைவியோ அதற்கு இரையாதல் கூடும்.

வேலியைப் பேணல்

நன்கு நாட்டிய வேலியும் கவனியாது விடப்படின் சில ஆண்டுகளிற் பழைய வேலியாகிவிடும். வேலியின் இருமருங்கும் இரண்டடி அகலத்துக்குப் புல்லும் சருகும் இன்றித் துப்புரவாக வைத்திருக்க. விறகு, தேங்காய் மட்டை, தகரம் ஆகியவற்றை வேலியிற் சார்த்தாது, வீட்டிலிருந்து விலகிய இடத்தில் நிலத்துக்கு ஓரடி மேலாகப் பரண் கட்டி அடுக்குக. இரவில் வேலிப்பக்கம் செல்வோர் விளக்கும் சப்பாத்தும் இன்றிச் செல்லலாகாது.

முதல் ஆண்டு முடிந்தபின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளைகளை மார்பளவு உயரத்தில் வெட்டுக. தழையை வயலிற் சேற்றுழவின்போது மிதித்துவிடலாம். கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு மூடாக்காக இடலாம். சாணத்துடன் சேர்த்துக் கூட்டெருவாக்கலாம். பசு, ஆடு வளர்ப்போர் தழையைச் சற்று வாடவிட்டுப் புல்லுடன் கலந்து கொடுக்கலாம். பழைய வேலியடியில் இருந்த மக்கிய சருகையும் வீணாக்காது எருக்குழியிற் சேர்க்க.

கமக்காரப் பெருமக்களே, வேலி மாற்றுதல் இரண்டு வார வேலை. அவசரப்பட்டு இரண்டு நாளில் முடிக்க எண்ணுவோர் அந்த நேரத்தை வைத்தியசாலையிற் கழிக்க நேரிடும். கண் முதலில், கழி அடுத்து, கை இறுதியில் என்னும் விதியை வீட்டிலுள்ள அனைவருக்கும், சிறப்பாக மாலையில் விறகெடுக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். கம்பு தெரிவு செய்தல், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவை பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காணலாம்; அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி எண்ணில் விசாரிக்கலாம்.